ஒன்பது மணிக்குள் ஒரு கல்

எங்கள் லாரி டிரைவர்கள் குழுவின் பழைய ஆட்கள் அவரவர் அனுபவத்தை எழுதித் தர வேண்டும், சின்னத் தொகுப்பாகச் சேர்த்து எல்லாருடைய போனுக்கும் அனுப்பப் போகிறோம் என்று இப்போதைய நிர்வாகிகள் கேட்டார்கள். "நீங்கதான் மொதல்ல எழுதணும்ணே. நல்ல சம்பவமாப் பாத்து எழுதுங்க" என்றார்கள். லாரிகளில் எல்லாம் இடம் காட்டும் கருவி வந்துவிட்டது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளி வீட்டில் உட்கார்ந்தே பார்க்கிறார். அதனால் கல் போடும் வழக்கத்தை இந்த மாதத்தோடு நிறுத்துகிறார்கள். நிறுத்துவதற்கு முன்னால் அது எப்படி நடந்தது என்று பதிவாக வேண்டுமாம்.

நான் ஏழாவது வரை படித்தவன். நான்கு முறை உட்கார்ந்து நல்ல சம்பவமாகவே எழுதிப் பார்த்தேன். எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டு எழுதியதால் மொத்தமும் பொய்யைப் போலவே தெரிந்தது. அந்த ஒன்றை எழுதினால் குழுவில் எனக்கு இடம் இருக்காது. ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். மனைவி, பிள்ளை கிடையாது. ஒரு நாளில் என்னைக் கூப்பிடுகிற குரல் அந்தப் போனிலிருந்து மட்டும்தான் வருகிறது. அதனால்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

என் கதையைச் சுருக்கிவிடுகிறேன். லால்குடி பக்கம் பிறந்தேன். அப்பா செத்த வருஷம் பள்ளிக்கூடம் நின்றது. ரயில் ஏறி விஜயவாடாவில் ஓட்டலில் தட்டுக் கழுவினேன். அங்கிருந்து ஒரு சிமெண்ட் கிடங்கு, ஒரு செங்கல் சூளை, பிறகு லாரி. முப்பத்தொரு வருஷம் ஓட்டினேன். ஒரு முதலாளியிடமும் இரண்டு வருஷத்துக்கு மேல் நின்றதில்லை. சண்டை எதுவும் இல்லை. ஒரே ஆளிடம் தினமும் சாவி வாங்கினால் எனக்கு மூச்சு முட்டும், அவ்வளவுதான். ஒரு முறை பெண் பார்த்துத் தேதி குறித்தார்கள். அந்தத் தேதியில் நான் அசாமில் பாலம் உடைந்து பதினோரு நாள் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிந்திருந்தது. அவர்கள் மேல் தப்பில்லை. இப்போது இடது காது சரியாகக் கேட்காது. முதுகில் ஒரு தகடு வைத்திருக்கிறார்கள்.

குழுவை ஆரம்பித்தவர் ஸ்டெல்லா மேடம். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பார்சல் புக்கிங் ஆபீஸில் கிளார்க்காக இருந்தார். அவர் கையால் பில் போட்டு அனுப்பிய ஒரு லாரியின் டிரைவர் ஆந்திராவில் சாலையோரம் வண்டியை நிறுத்திப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு நாள் அப்படியே கிடந்திருக்கிறார். போகிற வருகிறவன் எல்லாம் தூங்குகிறார் என்று நினைத்துக் கடந்து போயிருக்கிறான். அந்த வாரமே மேடம் தன் போனில் இருந்த டிரைவர்கள் எண்களை எல்லாம் சேர்த்து ஒரு குழு தொடங்கினார். முதல் செய்தியை நான் இன்னும் அழிக்கவில்லை. "எல்லாரும் காலையில் ஒன்பது மணிக்குள் உயிரோடு இருக்கிறீர்களா என்று தெரிவிக்கவும்." இவ்வளவுதான் எழுதியிருந்தார்.

புதிதாக வந்தவர்களுக்காக முறையைச் சொல்கிறேன். மாலையில் வண்டியை நிறுத்தியதும் பக்கத்திலுள்ள கிலோமீட்டர் கல்லைப் படம் எடுத்துப் போட வேண்டும். காலையில் கிளம்புவதற்கு முன் அதே கல்லை இன்னொரு படம் எடுத்து ஒன்பது மணிக்குள் போட வேண்டும். கல்லின் மேல் அவரவர் கை இருக்க வேண்டும். ஆரம்பத்தில் கை கிடையாது. ஒருவர் அடுத்தவர் எடுத்த படத்தைப் போட்டு மாட்டிக்கொண்ட பிறகு மேடம் கையைச் சேர்த்தார். ஒன்பதுக்குக் கல் வராதவரை ஒன்பதே காலுக்கு ஒரு முறை, பத்துக்கு ஒரு முறை கூப்பிட வேண்டும். எடுக்கவில்லை என்றால், அதே சாலையில் அவருக்குப் பின்னால் எந்த வண்டி வருகிறது என்று அன்றைய கற்களில் தேட வேண்டும். முன்னால் போகிறவரிடம் கேட்கக் கூடாது. பாரம் ஏற்றிய லாரி அவ்வளவு சுலபமாகத் திரும்பி வராது. பின்னால் வருகிறவர் அந்தக் கல்லில் இறங்கி, சாலையின் இரண்டு பக்கமும் நடந்து பார்த்துவிட்டு "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகு அந்தத் துண்டுச் சாலையை விட்டுவிட்டு அடுத்த துண்டில் தேட வேண்டும். அந்த ஒரு சொல்லின் மேல்தான் எல்லாம் நின்றது.

மேடத்துக்கு இருக்கலாம், போலிருக்கு என்ற பேச்செல்லாம் ஆகாது. "இருக்கலாம்னு என்கிட்ட சொல்லாதீங்க சார். பார்த்தீங்களா, பார்க்கலையா?" என்பார். கெட்ட வார்த்தை பேசுகிறவனையும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆபீஸ் சுவரில் இந்தியா வரைபடம் ஒட்டி, கல் வராதவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஊசியால் குத்தி வைப்பார். ஆள் கிடைத்தால்தான் சீட்டை எடுப்பார். அதுவரை டீ குடிக்க மாட்டார். பெரிய வெள்ளிக்கிழமையன்றுகூட ஒன்பது மணிக்கு எல்லாருடைய கல்லையும் பார்த்து ஆஜர் எடுத்து முடித்துவிட்டுத்தான் சர்ச்சுக்குப் போனார்.

முறை வேலை செய்தது. துறையூர்க்காரர் ஒருவர் நெல்லூர் தாண்டிச் சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்தார். பின்னால் வந்த நம் ஆள் இறங்கிப் பார்த்துக் கண்ணாடியை உடைத்துத் தூக்கினார். துறையூர்க்காரர் இன்றைக்கும் கல் போடுகிறார். இந்த மாதிரி ஐந்தாறு பேரைச் சொல்லலாம். நிர்வாகிகள் கேட்ட நல்ல சம்பவங்கள் அவைதான்.

கல் முடிந்ததும் ஒன்பதிலிருந்து பத்து வரை பேச்சு. குரல் பதிவாகப் போட்டுத் தள்ளுவார்கள். நான் பன்னிரண்டு மாநிலத்தில் சோறு தின்றவன். ஆனால் எனக்கென்று நான்கு பேர் இருக்கிறார்கள் என்று தோன்றியது அந்த ஒரு மணி நேரத்தில்தான். தொட்டியம் பழனியாண்டியும் பாலக்கரை காதர் பாயும் இல்லாவிட்டால் அந்த மணி நேரமே இல்லை.

"ஆஜர் அண்ணே, இங்க ஒரு கடையில சாம்பார் ஊத்துனான். உள்ள பருப்பு இருக்கான்னு பாக்கப் பின்னாடி வர்ற வண்டிய எறங்கச் சொல்லுங்க" என்பான் பழனியாண்டி. பின்னாளில் ஆஜர் எடுத்தவன் நான் என்பதால் எனக்கு அந்தப் பெயர்.

"எறங்கிப் பாத்தாச்சு பழனி. பருப்பு முன்னாடி போயிருச்சு" என்று காதர் பாய் பதில் போடுவார்.

கல்லுக்கு நான் பதில் குறி போடச் சற்றுத் தாமதமானால், "என்னண்ணே, டிக்கைக் காணோம்? நான் மௌத்தாயிட்டேனா? ஆயிருந்தா சொல்லிருங்க, டீசலாவது மிச்சம்" என்பார் பாய். இருவரும் அதிகமாக நேரில் சந்தித்ததில்லை. எங்கேயோ ஒரு டோல்கேட்டில் இரண்டு முறை பார்த்திருக்கிறார்களாம். மற்றதெல்லாம் போன்தான்.

இன்னொரு விதியும் இருந்தது. சாலையில் இருப்பவருக்கு மட்டும்தான் குழு. வண்டியை விட்டவர் வெளியே போய்விட வேண்டும். இதற்கும் காரணம் உண்டு. வீட்டில் சும்மா இருப்பவர்கள் நிறைந்த வேறு குழுக்களில் காலை வணக்கப் படமும் கட்சிச் சண்டையும் சாதிச் சண்டையும் ஓடின. அந்தக் குப்பைக்கு நடுவில் ஒரு கல் வராமல் போனால் யாருக்குத் தெரியும்?

என் முதுகு போனபோது நானும் வெளியே போயிருக்க வேண்டும். அந்தச் சமயம் மேடத்துக்குக் கண்ணில் புரை. "ஆஜர் எடுக்க எனக்கு ஒரு ஆள் வேணும். நீங்க உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தேன். வாழ்க்கையில் நான் விரும்பி உட்கார்ந்த ஒரே இடம் அதுதான். அதன் பிறகு நான்கு பேர் வண்டியை விட்டுவிட்டு, பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு இருக்கிறோம் என்று கேட்டார்கள். மணப்பாறைக்காரர் ஒருவருக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. "வாயே தொறக்க மாட்டேன்ணே, கேட்டுட்டு மட்டும் இருக்கேன்" என்றார். நான்கு பேரிடமும் முடியாது என்றோம். மேடம் என்னிடமும் கருத்துக் கேட்டார். நானும் முடியாது என்றுதான் சொன்னேன். ஒருவரை இருக்க விட்டால், "அப்ப நீ எப்படி உள்ளே இருக்கிறாய்" என்று யாராவது கேட்பார்கள் என்ற பயம்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

முந்தின மாலை காதர் பாய் கர்நாடகத்தில் சித்ரதுர்கா தாண்டி ஒரு கல் போட்டிருந்தார். சொந்த வண்டி, பழைய வண்டி, தனியாள். அதே சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் பின்னால் பழனியாண்டியின் கல். பம்பாய்க்கு வாழைக்காய் லோடு என்று சொல்லியிருந்தான். காலையில் எட்டரைக்குப் பழனியாண்டியின் படம் வந்தது. மஞ்சள் தலைக் கல், மேலே அவன் கை, பின்னால் வரிசையாகப் புளியமரங்கள்.

வண்டியை விடுவதற்கு முந்தின மாதம் நான் அந்த வழியாகத்தான் போனேன். ஆறு வழிச்சாலை போடுவதற்காக அந்தப் புளியமரங்களை அடியோடு வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் வண்டியையும் ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். மரத்தூள் மூக்கில் ஏறித் தும்மிக்கொண்டே நின்றது நினைவிருக்கிறது. இல்லாத மரம் படத்தில் நிற்கிறது.

பார்த்தேன். பழைய படம் என்று தெரிந்தது. சோம்பலில் இறங்காமல் பழையதைப் போட்டிருப்பான், அப்புறம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவனுடைய குரல் பதிவு வந்துவிட்டது. எதிரே வந்த கல்யாண வேனின் மேளக்காரர்களைப் பற்றி ஏதோ சொன்னான். சத்தமாகச் சிரித்துவிட்டேன். கீழே குடியிருக்கும் வீட்டுக்கார மாமா, "என்ன ஓய், கார்த்தாலேயே தனியாச் சிரிச்சுண்டிருக்கீர்?" என்று குரல் கொடுத்தார். பழனியாண்டி பெயருக்கு நேரே டிக் போட்டேன்.

ஒன்பதுக்குக் காதர் பாயின் கல் வரவில்லை. ஒன்பதே காலுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பத்துக்கும் எடுக்கவில்லை. முறைப்படி பழனியாண்டியைக் கூப்பிட்டேன்.

"பழனி, பாய் கல்லு போடல. நீதான் பின்னாடி இருக்க. எறங்கிப் பாரு."

"பாயா?" என்றான். "இதோண்ணே. போறேன்."

அந்த இடத்தில் எனக்கு மறுபடியும் மரம் ஞாபகம் வந்தது. "நீ நிக்கிற எடத்தை வீடியோவுல காட்டு" என்று கேட்டிருக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. கேட்டால் பொய் வெளியே வரும். வந்தால் அவனை நீக்க வேண்டும். அவனை நீக்கினால் நாளைக்கு ஒன்பது மணிக்கு யார் பேசுவார்கள் என்று நினைத்தேன். அப்போது நினைத்ததை அப்படியே எழுதுகிறேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு அவனே கூப்பிட்டான். "பாத்துட்டேன்ணே. கல்லு கிட்ட வண்டி எதுவும் இல்ல. சீக்கிரமே கெளம்பிப் போயிட்டாரு போல."

'போல' என்றால் மேடம் ஒப்புக்கொள்ள மாட்டார். அதனால் நான் மேடத்திடம் சொல்லும்போது அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டேன். "பாத்தாச்சுங்க மேடம். கெளம்பிட்டாரு." மேடம் தேடலை முன்னால் நகர்த்தினார். தாவணகெரே பக்கம் போன நம் வண்டிகள் இரண்டு நின்று பார்த்தன. மேடம் தனக்குத் தெரிந்த நான்கு கன்னட வார்த்தைகளை வைத்துக்கொண்டு போலீஸில் பேசினார். அவர்களிடமும் முன்னால் தேடச் சொன்னார். சீட்டு தாவணகெரே மேல் குத்தப்பட்டது.

மறுநாள் காலையில் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் காதர் பாயைப் பார்த்தார். அவர் போட்ட கல்லிலிருந்து நடக்கிற தூரம்தான். புதுச் சாலை போட்டதில் துண்டாகிப் போன பழைய சாலை ஒன்று பள்ளத்தில் கிடக்கிறது. அங்கே சத்தம் இல்லாமல் தூங்கலாம் என்று கல்லைப் போட்ட பிறகு வண்டியை அதில் இறக்கியிருக்கிறார். விடியும்போது பக்கவாதம். கல்லில் இறங்கி இடது பக்கம் நடந்தால் மேலிருந்தே லாரியின் பின்பக்கம் தெரியும். முதல் நாள் சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போன் மடியில் இருந்தது. நாங்கள் அடித்த அழைப்புகள் எல்லாம் அதில் இருந்தன. கையைத் தூக்க முடியவில்லை. காது கேட்டிருக்கும் என்றும் சொன்னார்கள்.

ஆள் இறந்தால் தேடியவர்கள் எல்லாரும் என்ன பார்த்தார்கள் என்று எழுதித் தர வேண்டும். அதுவும் மேடத்தின் முறை. பழனியாண்டி எழுதி அனுப்பினான். "கல்லில் இறங்கினேன். புளியமர நிழலில் இரண்டு பக்கமும் நடந்தேன். வண்டி இல்லை." படித்ததும் சத்திரத்தில் தொட்டியம் பஸ் ஏறினேன்.

வாழைக்காய் மண்டிக்குப் பின்னால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு வரிசை வீடு. வாசலில் ஒரு அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பழனியாண்டி வீடுதானேம்மா? குரூப்புலேர்ந்து வரேன். ஆஜர் எடுக்கிறவன்."

கையிலிருந்த சாம்பலோடு எழுந்து நின்றார். "வந்துட்டீங்களா" என்றார். என்றாவது ஒரு நாள் யாராவது வருவார்கள் என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தது அந்தக் குரல். அது அவன் மனைவி செல்லம்மா.

உள்ளே இரும்புக் கட்டிலில் பழனியாண்டி உட்கார்ந்திருந்தான். வலது கால் முட்டிக்கு மேலேயே இல்லை. இவ்வளவு நாள் அந்தக் குரலுக்கு நான் ஒரு தாட்டியான ஆளை மனதில் வைத்திருந்தேன். ஒல்லியான, பல் விழுந்த மனிதன்.

"செல்லம், டீ போடு. அண்ணன் சக்கரை கம்மியாத்தான் குடிப்பாரு" என்றான்.

"எப்பலேர்ந்து பழனி?"

"சக்கரைப் புண்ணுல காலை எடுத்ததுலேர்ந்து. ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுண்ணே."

"சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா? மணப்பாறைக்காரருக்கு என்ன பதில் சொன்னீங்கன்னு நானும் படிச்சேன்ணே. நான் அப்ப குரூப்புலதான் இருந்தேன்."

செல்லம்மா டீயை வைத்துவிட்டு, தலைமாட்டிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் காட்டினார். "தெனம் காலையில எந்திரிச்சதும் இன்னைக்கு எங்க இருக்கோம்னு இதுல பாப்பாருங்க. நேத்து இங்க படுத்தோம்னா இன்னைக்கு எவ்வளவு தூரம் போயிருப்போம்னு கணக்குப் போடுவாரு. பழைய போட்டோவெல்லாம் ஊர் வாரியா வெச்சிருக்காரு. வீட்டுக்குள்ளயே பஞ்சர்ங்கறாரு, டயர் மாத்துனேங்கறாரு. நான் ஒண்ணும் கேக்கறதில்ல. அந்த ஒரு மணி நேரந்தான் சிரிக்கிறாரு."

நோட்டைப் புரட்டினேன். லோடு, ஊர், சாப்பிட்ட கடை, மழை பெய்ததா இல்லையா என்பது வரை தினமும் எழுதியிருந்தான். கடைசி வாரத்தில், "பாய் முன்னாடி போறார். அவர் பின்னாடியே போவோம்" என்று இருந்தது. அதனால்தான் பன்னிரண்டு கிலோமீட்டர் பின்னால் அவன் கல்.

"அன்னைக்கு என்ன செஞ்ச?"

"அந்தக் கல்லு கிட்ட ஒரு டீக்கடைண்ணே. நம்பர் எங்கிட்ட இருந்துச்சு. அடிச்சேன். அவன் கடையிலேர்ந்தே எட்டிப் பாத்துட்டு லாரி ஒண்ணும் நிக்கலைன்னான். நான் நம்பிட்டேன்."

"அப்ப 'கேட்டேன்'னு சொல்லு. 'பாத்தேன்'னு ஏன் சொன்ன?"

"கேட்டேன்னா, எங்கேர்ந்து கேட்டேன்னு கேப்பீங்களேண்ணே."

அழவில்லை. இல்லாத காலின் பக்கம் வேட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "நீங்க எப்படிண்ணே கண்டுபுடிச்சீங்க?"

"படத்துல புளியமரம். அதை வெட்டி ரொம்ப நாளாச்சு."

"வெட்டிட்டாங்களா?" உண்மையாகவே அவனுக்கு அது புதுச் செய்தி. "எப்பண்ணே பாத்தீங்க படத்தை?"

"இன்னைக்குத்தான். உன் லெட்டரைப் படிச்சுட்டுத் திரும்ப எடுத்துப் பாத்தேன்" என்றேன்.

தலையை ஆட்டினான். "அன்னைக்கே பாத்திருந்தீங்கன்னா என்னைத் திட்டியிருப்பீங்க. பாய் பொழச்சிருப்பாரு" என்றான். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. என் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

திரும்பி நேரே மேடத்தின் ஆபீஸுக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவில் நின்று பில் எழுதிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். வெளியே துறையூர் பஸ் கண்டக்டர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் அடங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்குக் காலையில அந்தப் படம் உங்ககிட்டதானே சார் வந்தது?"

"ஆமாங்க."

"உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"அவசரத்துல..."

"அவசரம் வேண்டாம் சார். மரத்தைப் பார்த்தீங்களா, பார்க்கலையா?"

"பாக்கலைங்க மேடம்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நான் சொன்னதை அவர் சந்தேகப்பட்டதே கிடையாது. "நீக்கிருங்க. காரணத்தை ஒரு வரியில எழுதுங்க. புது விதி ஒண்ணும் சேர்த்துருங்க. பார்க்காததைப் பார்த்தேன்னு சொன்னவங்களுக்கும், பார்த்ததை மறைச்சவங்களுக்கும் இங்க எடம் இல்லை." அவர் சொல்லச் சொல்ல அங்கேயே நின்று என் போனில் தட்டினேன். பழனியாண்டியின் பெயரைப் போட்டு, "சாலையில் இல்லாமல் இரண்டு வருஷம் பொய்க் கல் போட்டார். பார்க்காமல் பார்த்தேன் என்றார்" என்று எழுதி நீக்கினேன்.

அன்று முழுவதும் அவனைத் திட்டிக் குரல் பதிவுகள் வந்தன. அவனோடு தினம் சிரித்தவர்கள்தான். "காலை மட்டுமா எடுத்தாங்க, நாக்கையும் எடுத்திருக்கணும்" என்றான் ஒருவன். அவனால் எதையும் கேட்க முடியாது, நீக்கியாகிவிட்டது. நான் கேட்டேன். ஒன்றுவிடாமல் கேட்டேன்.

பாலக்கரையில் காதர் பாய் வீட்டுக்குக் குழு சார்பில் போனோம். "அந்த மனுசன் ஒரு வார்த்த நெசம் சொல்லியிருந்தா எம் புள்ளைகளுக்கு வாப்பா இருந்திருப்பாரே" என்று பாயின் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து சொன்னார். எதிரில் உட்கார்ந்து அவர் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.

அடுத்த ஐப்பசியில் ஒரு நாள் செல்லம்மாவிடமிருந்து போன். "அவரு போயிட்டாருங்க. யாருக்குச் சொல்றதுன்னு தெரியல. உங்க நம்பர்தான் இருந்துச்சு. குரூப்புல சொல்லிருங்க" என்றார். பொழுது விடியும் முன்பே எழுந்து போனைப் பார்ப்பானாம், ஒன்றும் வராதாம், நாள் போகப் போகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டானாம். வருகிறேன் என்றேன். போகவில்லை. குழுவில் சொல்லவும் இல்லை. சொன்னால் யாராவது பழையதைத் தோண்டுவார்கள் என்று விட்டுவிட்டேன். அவன் செத்தது உங்களில் பலருக்கு இதைப் படிக்கும்போதுதான் தெரியும்.

அதற்குப் பின் நான் தினமும் ஆஜர் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு படத்திலும் கல்லை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைத்தான் முதலில் பார்ப்பேன். கரண்ட் கம்பம், கடைப் பலகை, பயிர். இத்தனை வருஷத்தில் ஒரு பொய்க் கல்கூட என்னைத் தாண்டவில்லை. அதற்காக நீங்கள் எல்லாரும் என்னைப் புகழ்கிறீர்கள். ஒவ்வொரு புகழ்ச்சியையும் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன்.

கருவி வந்ததால் இனிமேல் பொய்க் கல் வராது என்கிறார்கள். வராதுதான். ஆனால் வண்டியை விட்டவர்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று புது நிர்வாகிகளிடம் கேட்டேன். "அதான் விதி இருக்கேண்ணே" என்றார்கள். நானும் ஒரு காலத்தில் அதையேதான் சொன்னேன். அதனால் அவர்களிடம் வாதாடவில்லை.

மேடம் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். இதன் ஒரு நகலை அவருக்கும் அனுப்புகிறேன். பாயின் வீட்டுக்கு நாளைக் காலையில் நானே போகிறேன். கூட யாரும் வர வேண்டாம். அந்தம்மா என்ன சொன்னாலும் நின்று கேட்டுவிட்டு வருவேன். செல்லம்மா தொட்டியத்தில் இருக்கிறாரா என்று தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்.

இன்றைய ஆஜர் முடிந்தது. எல்லாருடைய கல்லும் வந்துவிட்டது. நாளை முதல் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும். தொகுப்பில் இதைப் போடுவதும் போடாததும் நிர்வாகிகள் விருப்பம். பார்த்ததை மறைத்தவர்களுக்கு இடம் இல்லை என்ற விதியை மட்டும் தளர்த்த வேண்டாம். அதைப் போனில் தட்டியது என் கைதான். என்னை நீக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும் என்பதால் அந்த வரியையும் நானே எழுதித் தருகிறேன்:

"காலை எட்டரைக்குப் படத்தில் புளியமரத்தைப் பார்த்தார். பார்க்கவில்லை என்றார்."